தண்ணீர் குடி என்று சொல்வதற்கு முன்னால்

(பேருந்து நிலையம் அருகே நீர்மோர்ப் பந்தல் திறப்பு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, பணிகளுக்கு நடுவே வந்து பந்தலைத் திறந்துவைத்த வட்டாட்சியர் அவர்களே, அரசு மருத்துவமனை டாக்டரம்மா அவர்களே, பெண்கள் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, விடியற்காலையிலிருந்து மோர் கடைந்த மகளிர் குழுச் சகோதரிகளே, புளியமரத்து நிழலை விட்டு வர மறுக்கும் ஆட்டோ ஓட்டுநர் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம். வணிகர் சங்கத் தலைவரை விட்டுவிட்டேன் என்று சீட்டு வந்திருக்கிறது. பந்தலுக்குக் கீற்று கொடுத்தவர் அவர். அவருக்குத் தனியாக ஒரு வணக்கம். சித்திரை வெயிலில் எனக்குப் பொன்னாடை போர்த்தியவர்களுக்கும் நன்றி. அடுத்த முறை ஈரத்துண்டு போதும்.

நாள் ஒன்றுக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. எவ்வளவு, எப்போது, எந்தத் தண்ணீர் என்று மூன்று கேள்விகளாக அதைப் பிரித்துக்கொள்கிறேன்.

எவ்வளவு என்று கேட்டால் இங்கே பள்ளிப் பிள்ளைகூட எட்டு டம்ளர் என்று சொல்லும். 1945இல் அமெரிக்காவின் உணவு, ஊட்டச்சத்து வாரியம், பெரியவர்களுக்கு நாளைக்கு இரண்டரை லிட்டர் நீர் தேவை என்று எழுதியது. அதில் பெரும்பகுதி சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும் என்றும் அடுத்த வரியில் எழுதியது. முதல் வரி உலகம் சுற்றியது, இரண்டாவது வரி அங்கேயே தங்கிவிட்டது. எட்டு டம்ளர் இதிலிருந்து வந்திருக்கலாம் என்பவர்கள் உண்டு. ஹைன்ஸ் வால்டின் என்ற சிறுநீரக ஆய்வாளர் ஆதாரம் தேடிப் பார்த்துவிட்டு, ஆரோக்கியமானவர்கள் எல்லோரும் எட்டு டம்ளர் குடித்தே ஆக வேண்டும் என்பதற்கு அறிவியல் சான்று இல்லை என்று 2002இல் எழுதினார்.

2010இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்ன கணக்கு, பெண்களுக்கு 2 லிட்டர், ஆண்களுக்கு 2.5 லிட்டர். இதில் ரசம், மோர், காபி, தர்ப்பூசணி எல்லாம் சேர்த்தி. அதுவும் அவர்கள் ஊர்க் குளிருக்கு. நம் ஊரில் களை எடுப்பவருக்கும் உப்பளத்தில் நிற்பவருக்கும் இது காணாது. அதற்காகக் குடம் குடமாகக் கவிழ்த்துக்கொள்ளவும் கூடாது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்ததில், 13 சதவீதம் பேருக்குச் சோடியம் என்ற உப்புச்சத்து குறைந்திருந்தது. ஓடும்போது அளவுக்கு மேல் குடித்தது அதற்கு முக்கியக் காரணம். இதயம், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவு வேறு. அதை டாக்டரம்மாவிடம்தான் கேட்க வேண்டும், என்னிடம் அல்ல. மற்றவர்கள் எப்போது குடிப்பது என்பதற்குத் தாகத்தைக் கவனியுங்கள், குடித்தது போதுமா என்பதற்குச் சிறுநீரின் நிறத்தைக் கவனியுங்கள். வெளிர்மஞ்சளாக இருந்தால் சரி.

கணக்கு முடிந்தது. குடித்த தண்ணீர் எங்கே போகும்? நம் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை லிட்டர் அளவுக்கு வெளியே அனுப்புகின்றன. அந்த ஒன்றரை லிட்டரைப் பெண்கள் எங்கே போய் விடுவது என்று எந்த அட்டவணையிலும் இல்லை. என் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு நான் எந்தப் பழமொழிக்கு வருவேன் என்று தெரியும். ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாது! சிரிக்கலாம், தப்பில்லை. தலைவரே சிரிக்கிறார்.

என் பெரியம்மா கதையைச் சொல்கிறேன். திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு பஸ் ஏறினோம். பெரியம்மா மத்தியானமே தண்ணீரை நிறுத்திவிட்டார். நான் பாட்டிலை நீட்டினால், "பஸ் ஏறுற அன்னிக்குத் தண்ணி குடிக்கிறவளுக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்" என்றார். பெரியப்பாவோ வழி நெடுக இளநீர், சோடா, டீ. வண்டி எங்கே நின்றாலும் இறங்கி ஒரு மரத்தடிக்குப் போய்விட்டு, மகாராஜா மாதிரி திரும்பி வருவார். நள்ளிரவில் ஒரு மோட்டலில் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். பெண்கள் பக்கம் நீள வரிசை. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, உள்ளே விளக்கு கிடையாது, காசு மட்டும் உண்டு. ஒருத்தி போக, இன்னொருத்தி கதவைப் பிடிக்க வேண்டும். பெரியம்மா முறை வரும்போது டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார். திரும்பி ஓடி வந்து உட்கார்ந்தவர், காலைவரை வாயே திறக்கவில்லை.

மறுநாள் தாலி கட்டுகிற நேரத்தில் பெரியம்மா சரிந்து விழுந்தார். திருஷ்டி என்று ஒருத்தர் எலுமிச்சம்பழம் தேட, சோடா தெளியுங்கள் என்று இன்னொருத்தர் கத்த, நாதஸ்வரக்காரர் என்ன வாசிப்பதென்று தெரியாமல் நிறுத்த, ஒரே களேபரம். ஆஸ்பத்திரியில் நீர்ச்சத்து இல்லை, சிறுநீர்த் தொற்றும் இருக்கிறது என்றார்கள். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது பெரியப்பா பக்கத்தில் நின்று, "தண்ணி குடி, தண்ணி குடின்னு தலையால அடிச்சுக்கிட்டேன், கேட்டாளா?" என்று உபதேசம். பெரியம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "எனக்கும் ஒரு மரம் காட்டுங்க, நானும் குடிக்கிறேன்."

கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2018இல் கேரளத்திலும் 2021இல் தமிழ்நாட்டிலும் சட்டத்தைத் திருத்தினார்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருப் பகுதியில் விஜி என்ற தையல்காரர் கடைப் பெண்களைத் திரட்டியபோது, முதலில் கேட்டது நாற்காலி அல்ல, கழிப்பறை. போக இடமில்லாததால் அந்தப் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் நின்றுகொண்டிருந்தார்கள். ஆத்திரத்தை அடக்காமல் போராடியதால்தான் மற்றதை அடக்க வேண்டிய நிலை மாறியது.

பிள்ளைகள் தண்ணீர் குடிக்க மறக்கக் கூடாது என்று பள்ளிகளில் தண்ணீர் மணி அடிக்கிறார்கள். கேரளத்தில் 2019இல் வந்தது, இங்கேயும் வந்திருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். அந்த மணிக்குப் பிறகு கழிப்பறைக்கு ஒரு மணி உண்டா, அங்கே குழாயில் தண்ணீர் வருகிறதா? தலைமையாசிரியை அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, இது அவர் பள்ளியைப் பற்றி மட்டும் இல்லை.

எந்தத் தண்ணீர் என்ற கேள்விக்கு ஒரே வரி: கொதித்து ஆறியது. அதற்கு மேல் போனால் மோர் புளித்துவிடும்.

இந்தப் பந்தலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நம் பேருந்து நிலையக் கழிப்பறை இருக்கிறது. பெண்கள் பகுதி சாயங்காலம் பூட்டினால் காலையில்தான் திறக்கிறது. இரவு வண்டிக்கு நிற்கும் பெண்ணிடம் மோரைக் கொடுத்து, குடிம்மா என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதனால் ஒரு மனு எழுதி வந்திருக்கிறேன். இரவு முழுக்கத் திறந்திருக்க வேண்டும், தாழ்ப்பாளும் விளக்கும் வேண்டும், கட்டணம் கூடாது. மோர்ப் பானைக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. ஆண்களும் கையெழுத்துப் போடுங்கள். தலைவர் அவர்கள் கிளம்புவதற்குள் கொடுத்தாக வேண்டும், அவருடைய வண்டியை இப்போதே திருப்பி நிறுத்திவிட்டார்கள்.