புருஷனைக் காப்பாற்றப் போய்ப் பேயானவள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பெர்ரி ஏறியும் பாலம் கடந்தும் பினாங்கு ஜார்ஜ்டவுனுக்கு வந்து அமர்ந்திருக்கும் சொந்தங்களே, வணக்கம்.

பேய்ப்படங்களில் மனத்தில் நிற்பவை அன்றைய படங்களா, இன்றைய படங்களா? நான் அன்றைய அணி. எனக்கு முன்னால் பேசிய தம்பி ஒன்று சொன்னார். "பழைய படத்துல ரப்பர் தோல் தெரியுது, ஒட்டுன முகம் தெரியுது, அப்புறம் எங்க பயம் வரும்? கம்ப்யூட்டர்ல செய்யற பேய்தான் நெஜப் பேய் மாதிரி இருக்கு" என்றார். கைத்தட்டலும் வாங்கினார்.

தெரியட்டுமே, தம்பி. நான் கடலுக்கு அந்தப் பக்கம், செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். திருவிழாவுக்குச் சத்தியவான் சாவித்திரி கூத்துக் கட்டுவார்கள். எமன் வேடம் போடுகிறவர் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், நாலாவது வீட்டு மாமா. காலையில் அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் பால் வெட்டுகிறவர். மீசை மை என்று தெரியும், கதாயுதம் அட்டை என்று தெரியும், உள்ளே இருப்பது யாரென்றும் தெரியும். ஆனாலும் அவர் கயிற்றைச் சுழற்றிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தால் நாங்கள் அம்மா முந்தானைக்குள் போய்விடுவோம். வேடம் தெரிந்தால் பயம் போய்விடும் என்பது கூத்துப் பார்த்து வளர்ந்த இனத்திடம் சொல்லக்கூடிய வாதமா?

அந்த வேடத்துக்குப் பின்னால் இருந்த உழைப்பையும் சொல்ல வேண்டும். 1931இல் வந்த ஃபிராங்கன்ஸ்டைன் படத்தில் பிணங்களின் உறுப்புகளைத் தைத்து உண்டாக்கிய மனிதனாக போரிஸ் கார்லாஃப் நடித்தார். ஜாக் பியர்ஸ் என்ற ஒப்பனைக்காரர் தினமும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் உட்கார வைத்து அந்த முகத்தைச் செய்தார். கண்கள் ரொம்ப விழிப்பாகத் தெரிகின்றன, இப்போதுதான் உயிர் வந்தவனுக்கு இப்படி இருக்காது என்று கார்லாஃபே சொல்லி, இமைமேல் மெழுகு வைக்கச் சொன்னார். வாயில் இருந்த பொய்ப்பல்லைக் கழற்றி ஒரு பக்கக் கன்னத்தை ஒட்ட வைத்தார். அந்தக் கண்ணை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாதி மூடி, தூக்கம் கலையாத பிள்ளையின் கண்போல இருக்கும்.

ஜப்பானில் 1954இல் காட்ஸில்லா என்ற ராட்சத மிருகத்தின் படம் வந்தது. ஏறக்குறைய 100 கிலோ எடையுள்ள உடைக்குள் ஹருவோ நகாஜிமா என்ற மனிதர் நின்று நடந்தார். அந்த உறுமல் எப்படி வந்தது தெரியுமா? இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, டபுள் பேஸ் வாத்தியத்தின் தந்தியைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் இழுத்தார். அதே ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின்மேல் விழுந்திருந்தது. அந்த வலியோடு கேட்டால் அது உறுமலா அழுகையா என்று சொல்ல முடியாது.

என் வாதமே இந்த அழுகையில்தான் இருக்கிறது, நடுவர் அவர்களே. பழைய படத்துப் பேய்க்கு ஒரு மனசு இருந்தது. நாம் அதைப் பார்த்துப் பயந்தோம், அதுக்காகவே அழவும் செய்தோம்.

ஃபிராங்கன்ஸ்டைனில் ஓர் ஏரிக்கரைக் காட்சி. ஒரு சின்னப் பெண் அவனைப் பார்த்துப் பயப்படாமல் கையில் பூவைக் கொடுக்கிறாள். இரண்டு பேரும் ஒவ்வொரு பூவாகத் தண்ணீரில் போடுகிறார்கள். பூ மிதக்கிறது. அவன் முதல் தடவையாகச் சிரிக்கிறான். பூ தீர்ந்துபோகிறது. பிள்ளையும் பூ மாதிரி மிதக்கும் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுகிறான். அப்புறம் அவன் கைகளைப் பாருங்கள், தவிக்கும். இந்த முடிவைத் தணிக்கையில் வெட்டிவிட்டார்கள். 1980களில்தான் திரும்பச் சேர்த்தார்கள். அதுவரை பார்த்தவர்களுக்கு, பிள்ளையை நோக்கி நீளும் கை தெரிந்தது, அப்புறம் பிணம் தெரிந்தது. அறியாமல் செய்தவனை வேண்டுமென்றே கொன்றவனாக்கியது அந்தக் கத்தரிக்கோல்.

சரி, அமெரிக்காவை விடுங்கள், நம் ஊருக்கு வருவோம். இதே பினாங்கில் பிறந்த பி. ரம்லி 1958இல் சும்பா ஒராங் மிஞாக், அதாவது எண்ணெய் மனிதனின் சாபம், என்ற படத்தை இயக்கி, தானே நடித்தார். அதே ஆண்டு அதே எண்ணெய் மனிதனை வைத்து இன்னொரு படம் எடுத்தவர், மதராசில் பிறந்து பினாங்கில் வளர்ந்த நம் எல். கிருஷ்ணன். ரம்லி படத்தை நான் பிற்பாடு தோட்டத்துக் கணக்கர், கிராணி வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே நின்று இருபது பேர் பார்த்தோம். ஊரே கேலி செய்யும் ஒரு கூனன், அழகு வேண்டும் என்று ஆசைப்பட்டு, கடைசியில் எண்ணெய் பூசிய கறுப்பு உருவமாகிறான். அன்று இரவு கக்கூசுக்குப் போக அக்கா கையில் டார்ச் விளக்கு, என் கையில் அக்காவின் பாவாடை. அவ்வளவு பயம். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா சொன்னது, "பாவம்லா அந்தப் பிள்ள. ஆரும் ஒரு நல்ல வார்த்த சொல்லல."

இன்றைய படத்தில் திடீரென்று ஒரு சத்தம் வருகிறது, நானும் நாற்காலியில் துள்ளுகிறேன். மறுக்கவில்லை. வீட்டுக்குப் போகும்போது அந்தப் பேயின் பேர் என்ன என்று கேட்டால் நினைவில்லை.

கடைசியாக ஒன்று. மணி அடித்துவிட்டார்கள், தெரியும், ஒரு நிமிடம் கொடுங்கள். 1957இல், வாழை மரத்தில் குடியிருப்பதாக மலாய்க்காரர்கள் சொல்லும் பெண்பேயை வைத்துப் பொந்தியானாக் படம் வந்தது. இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ் இயக்கம், மரியா மெனாடோ நடிப்பு. அந்தப் படச்சுருள் இன்று இல்லை. நான் பார்த்ததே இல்லை. ஆனால் காட்சி காட்சியாகத் தெரியும், ஏனென்றால் கல்யாணமான புதிதில் அப்பாவோடு போய்ப் பார்த்த அம்மா, லயத்து வாசலில் உட்கார்ந்து எங்களுக்குச் சொல்லுவார். அழகாக மாறிய பெண் அவள், ஒரு பிள்ளைக்குத் தாய். இரத்தம் மட்டும் நாக்கில் படக்கூடாது என்று கட்டளை. ஒருநாள் புருஷனைப் பாம்பு கடிக்கிறது. அவள் குனிந்து வாய் வைத்து விஷத்தை உறிஞ்சுகிறாள். இந்த இடத்தில் அம்மா நிறுத்திவிடுவார். வெற்றிலையை மென்றுகொண்டு, லயத்துக்குப் பின்னால் இருக்கும் வாழை மரங்களைப் பார்த்துக்கொண்டே சொல்லுவார்: "புருஷனக் காப்பாத்தத்தானே வாய வச்சா."

போன வாரம் இந்தக் கதையை என் பேத்திக்குச் சொன்னேன். ஏழு வயது. பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "அம்மாச்சி, அவங்க பேயாப் போயிட்டா அவங்க பாப்பாவ யாரு பாத்துக்கிட்டா?"

தீர்ப்பு உங்கள் கையில். நன்றி, வணக்கம்.