கொசு ஆராய்ச்சிக்குப் போனா ராத்திரியில வேலை பாக்கணுமா?

அடுத்த கேள்வி, நெல்லிக்குப்பத்துல இருந்து ஒரு அம்மா. "பொண்ணு கடலூர்ல பி.எஸ்சி. விலங்கியல் கடைசி வருஷம். கொசுவால வர்ற நோய்ல ஆராய்ச்சி பண்ணணும்ங்கிறா. என்ன படிக்கணும்? லேப்ல உக்காந்து பாக்குற வேலைதானே, ராத்திரியில வெளிய போகணுமா?"

படிப்பைச் சொல்லிடறேன், அது சுருக்கம்தான். புதுச்சேரி கோரிமேடு பக்கம் இந்திரா நகர்ல வெக்டர் கன்ட்ரோல் ரிசர்ச் சென்டர் இருக்கு, நோய் கடத்துற பூச்சிகளைக் கட்டுப்படுத்துற ஆராய்ச்சி மையம். ஐ.சி.எம்.ஆர்.ங்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட நிறுவனம், 1975ல ஆரம்பிச்சது. பொது சுகாதாரப் பூச்சியியல்ல ரெண்டு வருஷ எம்.எஸ்சி. அங்கயே இருக்கு, பட்டம் புதுச்சேரி பல்கலைக்கழகத்தோடது. அப்புறம் நெட்ங்கிற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். (ஆராய்ச்சி உதவித்தொகை), அதை வெச்சு பிஎச்.டி. சேர்க்கை விதியெல்லாம் அந்தந்த வருஷ அறிவிப்புல பாருங்க, யார் சொல்றதையும் நம்பாதீங்க, நான் சொன்னாலும் சரி.

ராத்திரி விஷயத்துக்கு வரேன். யானைக்கால் நோய்ல வேலை பாத்தா போய்த்தான் ஆகணும். அந்த நோயை உண்டாக்குற புழுவோட குஞ்சு, மைக்ரோஃபைலேரியா, பகல்ல நுரையீரல் ரத்தக்குழாய்ல தங்கிடும். ராத்திரி பத்து மணியில இருந்து ரெண்டு மணிக்குள்ளதான் விரல் நுனி ரத்தத்துல அதிகமா ஓடும். அதைக் கடத்துற க்யூலெக்ஸ் கொசுவும் ராத்திரிதான் கடிக்குது. பகல்ல ரத்தம் எடுத்தா, புழு இருக்குற ஆளுக்கே இல்லைன்னு வந்துடும். ஆனா தனியா யாரும் போறதில்ல, சுகாதாரப் பணியாளரோட குழுவாத்தான் தெருத்தெருவாப் போவாங்க.

எடுக்குறது விரல்ல ஒரு குத்து, இருபது மைக்ரோலிட்டர் ரத்தம். அதை ஸ்லைடுல தடிப்பாப் பூசணும். ராத்திரி பூரா காய விட்டு, மறுநாள் தண்ணியில சிவப்பு நிறம் போற வரைக்கும் வெச்சு, அப்புறம் சாயம். சொதப்புறது பெரும்பாலும் இந்தக் காய வைக்கிற இடத்துலதான். ஐப்பசி, கார்த்திகை மழையில நம்ம பக்கம் ஸ்லைடு சரியாக் காயாது. காயாததைத் தண்ணியில போட்டா மொத்தமா உரிஞ்சு போயிடும். திறந்து வெச்சுட்டுத் தூங்கினா, எறும்பும் கரப்பானும் காலையில ஸ்லைடைச் சுத்தமா நக்கி வெச்சிருக்கும். அந்த வீட்டுக் கதவை மறுபடி ராத்திரியில தட்டணும், திட்டும் வாங்கணும்.

கொசு பிடிக்கிறது காலையில. ஆறு மணி வாக்குல வீடுகள்ல கட்டிலுக்கு அடியில, தொங்குற துணிமேல உக்காந்திருக்கும். டார்ச் அடிச்சு, கண்ணாடிக் குழாயால உறிஞ்சி எடுக்கணும். குழாயோட வாய்ப்பக்கம் வலைத்துணி இல்லேன்னா கொசு வாய்க்குள்ள போயிடும். ஒரு ஆள் ஒரு மணி நேரத்துல எத்தனை பிடிச்சார்ங்கிறதுதான் கணக்கு. அதனால கொசு கிடைக்காத வீட்டையும் எழுதணும். புதுசா வர்ற பிள்ளைங்க அதைத்தான் விட்டுடுவாங்க, கொசு அடர்த்தி இருக்குறதைவிட அதிகமாத் தெரியும்.

பிடிச்ச கூண்டுமேல ஈரத்துணி போட்டு உடனே லேபுக்குக் கொண்டு வரணும். செத்துக் காஞ்ச கொசுவை அறுத்துப் பாக்க முடியாது. மயக்கி, இறக்கை, கால் எல்லாம் எடுத்துட்டு, தலை, மார்பு, வயிறு மூணையும் தனித்தனி சலைன் சொட்டுல வெச்சு மெல்லிய ஊசியால பிரிக்கணும். மார்புல குட்டையா, குண்டா, அதிகம் அசையாம இருந்தா புழு இன்னும் வளருதுன்னு அர்த்தம். தலைப்பக்கம் நீளமா நெளிஞ்சுக்கிட்டு இருந்தா மூணாம் பருவம், அந்தக் கொசு நோயைக் கடத்தத் தயாரா இருக்கு. ரெண்டுக்கும் தனித்தனி விகிதம் போடுவாங்க. ஊசியைத் துடைக்காம அடுத்த சொட்டுல வெச்சா, எதுல இருந்து வந்த புழுன்னே சொல்ல முடியாது. ஒரே மாதிரி நூத்துக்கணக்குல பாக்கணும், பெரும்பாலானதுல ஒண்ணுமே இருக்காது. இந்தச் சலிப்பைத் தாங்குவாளான்னு பொண்ணுகிட்ட கேளுங்க. மார்க்கை விட அதுதான் முக்கியம்னு எனக்குத் தோணுது.

"கடிச்சு வியாதி வந்துடுமா"ன்னும் கேட்டிருக்கீங்க. யானைக்கால் ஒரு கடியில வராது, மாசக்கணக்கா, வருஷக்கணக்கா கடி வாங்கணும். டெங்கு அப்படி இல்ல, நோயுள்ள ஏடிஸ் கொசு ஒரு தடவை கடிச்சாலே போதும். அதுவும் பகல்ல. உண்ணிக் காய்ச்சல் ஆராய்ச்சின்னா எலிக்கூண்டு வைக்கணும், எலியோட காதுக்குள்ள ஒட்டியிருக்குற நுண்ணுண்ணிக் குஞ்சுகளை எடுக்கணும். அதுக்கு முழுக்கை உடுப்பு, கையுறை கட்டாயம்.

முழுக்க லேப்தான் வேணும்னாலும் வழி இருக்கு. டெங்கு வைரஸ் கொசுவுக்குள்ள பெருகுறதைத் தடுக்குற வோல்பாக்கியா பாக்டீரியாவை ஏத்தின ரெண்டு ஏடிஸ் ரகத்தை இதே புதுச்சேரி மையம் 2022ல அறிவிச்சது. அதுல தலைமுறை தலைமுறையா கொசு வளர்த்துக் கலப்பு பண்றதுதான் வேலை. வளர்ப்பு அறைக்கு ஞாயித்துக்கிழமை, பொங்கல் எதுவும் கிடையாது, லார்வாவுக்குத் தினமும் தீனி போட்டாகணும்.

இப்பவே செய்யலாம்னா, வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி இருக்குற தட்டு, மாடியில கிடக்குற டயர், பழைய உரல், இதுல இருக்குற லார்வாவை ஒரு டப்பாவுல எடுத்து, வலைத்துணி கட்டி வளர்க்கச் சொல்லுங்க. நம்ம வெயிலுக்கு ஒரு வாரம், பத்து நாள்ல கொசுவாயிடும். லென்ஸ்ல மார்பைப் பாத்தா வெள்ளையா யாழ் மாதிரி கோடு தெரியுதான்னு பாக்கச் சொல்லுங்க, தெரிஞ்சா ஏடிஸ் எஜிப்தி. பாத்து முடிச்சதும் டப்பாவோட ஃப்ரீசர்ல வெச்சுடுங்க, வெளிய விட்டுடாதீங்க.