சேற்றுக்குள் ஒரு காந்தப் பட்டறை

நேயர்களுக்கு வணக்கம். சின்ன வயதில் உடைந்த ஸ்பீக்கரில் இருந்து காந்தத்தைக் கழற்றி மணலில் இழுத்துக்கொண்டு திரிந்திருப்பீர்கள். கறுப்பாக, மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வருமே, அதில் மேக்னடைட் என்கிற இரும்புத்தாது இருக்கும். அதே மேக்னடைட்டைத் தன் உடம்புக்குள்ளேயே செய்துகொள்ளும் பாக்டீரியாவைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

அமெரிக்காவில் ரிச்சர்ட் பிளேக்மோர் என்ற ஆராய்ச்சி மாணவர், உட்ஸ் ஹோல் என்ற கடற்கரை ஊரின் சேற்றில் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார். சில பாக்டீரியாக்கள் சொட்டின் ஒரே ஓரத்துக்குப் போய்க் குவிகின்றன. வெளிச்சத்தைத் தேடிப் போகின்றனவோ என்று மைக்ராஸ்கோப்பைத் திருப்பி வைக்கிறார், இடம் மாற்றுகிறார், அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடுகிறார். ம்ஹூம், அதே திசைதான்! கடைசியில் ஒரு காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனதும், நீந்திக்கொண்டிருந்த அத்தனையும் சட்டென்று திரும்பின. 1975இல் இது அச்சில் வந்தது. இத்தாலியின் பவியாவில் சல்வத்தோரே பெல்லினி இதையே 1963இலேயே எழுதி வைத்திருந்தார், வெளியுலகம் கவனிக்கவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? மணி கோத்த மாதிரி வரிசையாக மேக்னடைட் படிகங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 35 முதல் 120 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாக வெட்டினால் ஒரு துண்டுதான் நானோமீட்டர். இந்த அளவுதான் விஷயமே. இதைவிடச் சிறுத்தால் காந்தத்தன்மை நிலைக்காது, பெருத்தால் ஒரே படிகத்துக்குள் பகுதிகள் பிரிந்து ஒன்றை ஒன்று எதிர்த்து இழுக்கும். மனிதன் ரசாயனத்தால் செய்யும்போது பொடி சிறிதும் பெரிதுமாகக் கலந்து வந்துவிடுகிறது. பாக்டீரியாவோ உலையும் இல்லாமல் காரமும் இல்லாமல், நம் வீட்டு அறையின் சூட்டிலேயே ஒரே அச்சில் வார்த்த மாதிரி செய்கிறது. திரும்பவும் சொல்கிறேன், அளவுதான் விஷயம்.

ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் ஊர்ப் பெயரைத் தாங்கிய ஓர் இனத்தைத் தொட்டிகளில் வளர்த்து இந்தப் படிகங்களை எடுக்கிறார்கள். இரும்பு உப்பு கொடுக்க வேண்டும், ஆக்சிஜனை மிகக் குறைவாக வைக்க வேண்டும். கூடினால் படிகம் செய்வதையே நிறுத்திவிடும். லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்தான் கிடைக்கும் என்பது பெரிய சங்கடம். ஜியோபேக்டர் என்று வேறொன்று, உடம்புக்கு வெளியே இதைவிட நிறைய மேக்னடைட்டைத் தள்ளுகிறது, ஆனால் அளவும் உருவமும் அவ்வளவு ஒழுங்காக இராது.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். புற்றுக்கட்டியில் இந்தப் படிகங்களைச் செலுத்தி, திசை மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலத்தால் சூடாக்கி அழிக்கும் முயற்சி எலிகளில் நடந்திருக்கிறது. படிகத்தைச் சுற்றி பாக்டீரியாவே போர்த்திய மெல்லிய சவ்வு இருப்பதால் அவை கட்டிதட்டாமல் பிரிந்தே நிற்கும், மருந்தை ஒட்டி அனுப்பவும் அந்தச் சவ்வு உதவும். வணக்கம்.