காசு வாங்கும் கண்ணாடி

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

விளம்பரங்களில் பெண் சிறுமைப்படுத்தப்படுவதற்குப் பெரிதும் காரணம் சமூகத்தின் மனப்போக்கா, விளம்பரத் துறையின் வணிகப் போக்கா என்பது இன்று நமக்குத் தரப்பட்டுள்ள தலைப்பு. வணிகப் போக்கே என்று வாதிட நான் வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவி அம்மையார் அழகான ஓர் உவமையைச் சொன்னார். விளம்பரம் சமூகம் முகம் பார்க்கும் கண்ணாடி என்றும், முகத்தில் கரி இருக்கும்போது கண்ணாடியைத் துடைத்துப் பயனில்லை என்றும் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். உவமை நன்றாக இருந்ததால் நானும் தட்டினேன். ஆனால் நடுவர் அவர்களே, கண்ணாடி மாட்டுவதற்கு யாராவது பத்து விநாடிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பணம் கட்டுவார்களா? உள்ளதை உள்ளபடி காட்டுவது மட்டுமே விளம்பரத்தின் வேலை என்றால், எந்த நிறுவனமும் அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காது. நேற்றுவரை வாங்காதவரை இன்று வாங்க வைக்கும் என்ற நம்பிக்கைக்குத்தான் அந்தப் பணம் கைமாறுகிறது. மக்கள் மனத்தை மாற்றும் வல்லமை எனக்கு உண்டு என்று வணிகரிடம் சொல்லிப் பணம் வாங்கும் ஒரு துறை, பெண்கள் அமைப்புகள் வந்து கேள்வி கேட்கும்போது மட்டும் "நான் வெறும் கண்ணாடி" என்று கையை விரிப்பது எந்த ஊர் நியாயம்?

சரி, கண்ணாடி என்றே வைத்துக்கொள்வோம். அது எவ்வளவு தாமதமாகக் காட்டும் கண்ணாடி என்பதையாவது பார்க்க வேண்டும் அல்லவா? 1994இல் வந்த காட்பரி சாக்லேட் விளம்பரம் இந்த அவையில் பலருக்கு நினைவிருக்கும். மட்டையாளர் பந்தைத் தூக்கி அடிக்கிறார். பார்வையாளர் வரிசையிலிருந்து பூப்போட்ட உடை அணிந்த ஒரு பெண் காவலரை ஏய்த்துவிட்டு மைதானத்துக்குள் ஆடிக்கொண்டே ஓடி வருகிறாள். எனக்கும் பிடித்த விளம்பரம்தான் அது. நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று அஞ்சாமல் ஆடிய அந்தப் பெண்ணிடம் ஒரு விடுதலை இருந்ததை நான் மறுக்க மாட்டேன். இருந்தாலும் ஆட்டம் அவனுடையது, கைதட்டும் வேலை அவளுடையது. 2021இல் அதே நிறுவனம் அதே காட்சியைத் திருப்பிப் போட்டது. பெண் மட்டை பிடிக்கிறாள், ஆண் ஆடிக்கொண்டு ஓடி வருகிறான். சமூகம் மாறியதால் விளம்பரமும் மாறியது என்று எதிரணி நண்பர் இதைச் சான்றாகக் காட்டினார். நடுவர் அவர்களே, சென்னையில் பிறந்த சாந்தா ரங்கசாமி இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை தாங்கி மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக டெஸ்ட் ஆடியது 1976இல். அந்த ஆண்டே பாட்னாவில் அந்த அணி வெற்றியும் கண்டது. ஆக, 1994இல் அந்தச் சாக்லேட் விளம்பரத்தை எடுத்தபோது, மட்டை பிடிக்கும் இந்தியப் பெண் 18 ஆண்டுகளாக நம் கண்முன்னே இருந்தாள். 1976இல் நடந்ததை 2021இல் காட்டும் கண்ணாடியைப் பார்த்துச் சவரம் செய்பவருக்குக் கன்னத்தில் வெட்டு விழுந்த செய்தி 45 ஆண்டு கழித்துத்தான் தெரியவரும்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் ஒரு புள்ளிவிவரத்தோடு வந்தார். மத்திய அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் 299 நிமிடங்களையும், அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களையும் அதற்குச் செலவிடுகிறார்கள் என்றார். வீட்டில் பெண்தானே துவைக்கிறாள், சோப்புத்தூள் விளம்பரத்தில் வேறு யாரைக் காட்டுவது என்று கேட்டார். கணக்கு சரியானது, அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் சரியில்லை. அந்த 299 நிமிடங்களில் இருக்கும் இடுப்பு வலியையும் சலிப்பையும் எந்த விளம்பரமாவது காட்டியிருக்கிறதா? கணவன் சட்டையில் கறையோடு வந்து நின்றால், புதையல் கிடைத்ததுபோல் அல்லவா அந்தப் பெண் சிரிக்கிறாள்! துவைப்பவள் அவளாக இருந்தாலும், எந்தத் தூள் நல்லது என்று அவளுக்குப் பாடம் நடத்த வெள்ளைக் கோட்டு அணிந்த ஓர் ஆணோ, பின்னணியில் கம்பீரமான ஓர் ஆண் குரலோ வந்துவிடுகிறது. அதே 299 நிமிடங்களை முடித்துவிட்டு வேலைக்குப் போகும் பெண்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழப் பத்துக்கு நால்வர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டின் வேலை நாட்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பெண்களுடையவையாக இருந்திருக்கின்றன. இவர்களும் சோப்பு வாங்குகிறார்கள். கண்ணாடியில் இவர்கள் முகம் எங்கே போயிற்று? நம் வீட்டுக் கூடத்தில் ஓடும் பெரிய நிறுவன விளம்பரங்களில் பல, மும்பையில் இந்தியில் எடுக்கப்பட்டுத் தமிழில் குரல் மட்டும் ஒட்டப்பட்டவை. உதடு ஒன்று சொல்லும், குரல் வேறொன்று சொல்லும். நம் பெண்ணின் உதட்டசைவுகூட இல்லாத படத்தை நம் சமூகத்தின் முகம் என்று சொல்வதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெண்ணை அடங்கிப் போகிறவளாகவும், குடும்பத்திலும் சமூகத்திலும் இரண்டாம் இடத்தில் இருக்க வேண்டியவளாகவும் சித்திரிக்கும் விளம்பரங்களைக் காட்டக் கூடாது என்று 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் எழுதியே வைத்திருக்கிறார்கள். அந்த விதி வந்து முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. 2007இல் ஆண்களின் உள்ளாடை ஒன்றுக்கு வந்த விளம்பரத்தில், படித்துறையில் துணி துவைக்கும் பெண்ணையே குழைந்து நெளிய வைத்துத் துவைப்பது, மயக்குவது என்ற இரண்டு வேலையையும் ஒருத்தி தலையிலேயே கட்டினார்கள். அதைத் தடுக்கவும் மத்திய அமைச்சகம்தான் வர வேண்டியிருந்தது.

இனி எதிரணியின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். நிற மோகத்தை விளம்பரமா கண்டுபிடித்தது, மணமகள் தேவை என்ற பகுதியில் "சிவந்த நிறம்" என்று கேட்பவர் யார் என்றார்கள். இதில் உண்மை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஃபேர் அண்ட் லவ்லி கிரீம் 1975இல் சந்தைக்கு வருவதற்கு முன்பே, பிறந்த குழந்தையின் காது மடலைப் பார்த்து நிறம் கணித்த பாட்டிகள் நம் வீடுகளில் இருந்தார்கள். என் பாட்டியும் அவர்களில் ஒருவர்தான். பெண் கருப்பாக இருந்தால் வரன் தள்ளிப்போகுமே என்று அவர் கவலைப்பட்டதுண்டு. ஆனால் கருப்பாக இருந்தால் வேலை கிடைக்காது என்று என் பாட்டி ஒரு நாளும் சொன்னதில்லை. அதைச் சொன்னது விளம்பரம்! ஒரு மகன் இருந்திருந்தால் சம்பாதித்துப் போட்டிருப்பானே என்று தந்தை பெருமூச்சு விடுகிறார், அதைக் கேட்ட மகள் கிரீம் பூசுகிறாள், நிறம் மாறுகிறது, விமானப் பணிப்பெண் வேலை கிடைக்கிறது, குடும்பம் மகிழ்கிறது. மகளின் படிப்பு, திறமை, ஆங்கிலம், தைரியம் எதற்கும் அந்தக் கதையில் இடமில்லை. ஆண் குழந்தை இல்லாத குறை, பெண்ணின் நிறம், வேலையில்லாத வறுமை என்ற மூன்று வீட்டுத் துயரங்களையும் ஒரே முடிச்சாகப் போட்டு, அந்த முடிச்சை அவிழ்க்கும் சாவியை ஒரு சின்னக் குழாயில் அடைத்து விற்ற சாமர்த்தியம் எந்தப் பாட்டிக்கும் வராது. புண் சமூகத்தினுடையதாகவே இருக்கட்டும். அதைக் கிளறிக் கிளறி ஈரம் காயாமல் வைத்திருந்தது யாருடைய லாபத்துக்காக?

அந்த விளம்பரத்தை எதிர்த்து அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் தேசிய மனித உரிமை ஆணையம்வரை சென்று முறையிட்டது. மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தலையிட்ட பின் 2003இல் அது திரையிலிருந்து இறங்கியது. முறையிட்ட பெண்கள் வேறு கிரகத்திலிருந்து வந்தவர்கள் அல்லர். எதிரணியினர் குற்றம் சாட்டும் அதே சமூகத்தின் பெண்கள்தான். 2009இல் "கருமையும் அழகே" என்ற பொருளில் ஓர் இயக்கம் தொடங்கியதே, அது தொடங்கிய ஊர் சென்னை. துறை இதற்கு என்ன பதில் சொன்னது? இடையில் 2005இல் ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் என்று ஆண்களுக்கும் ஒரு கிரீமைக் கொண்டுவந்து, ஆணாகப் பிறந்துவிட்டுப் பெண்களின் கிரீமைப் பூசுகிறாயே என்று இளைஞர்களைக் கேலி செய்து விற்றது. கருப்பானவர்களைக் கவர்ச்சியற்றவர்களாகவும் மகிழ்ச்சியற்றவர்களாகவும் காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு வழிகாட்டுதல் வகுக்க 2014 ஆயிற்று. 2017இல் விளம்பரங்களில் ஆண் இப்படி, பெண் இப்படி என்ற பாலின வார்ப்புகளை ஒழிப்பதற்காக ஐ.நா. பெண்கள் அமைப்போடு ஒரு கூட்டணி தொடங்கப்பட்டபோது, ஃபேர் அண்ட் லவ்லியை விற்ற யூனிலீவர் அதில் முன்வரிசையில் நின்றது. இந்தியக் கடைகளில் அதன் கிரீமின் பெயர் மட்டும் அப்படியே இருந்தது. அமெரிக்காவில் கருப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலரால் கொல்லப்பட்டு உலகமெங்கும் போராட்டம் வெடித்த பிறகு, 2020இல்தான் "ஃபேர்" என்ற சொல் "க்ளோ" ஆனது. பெண்கள் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த வாசலில், சந்தைக்கு ஆபத்து என்றதும் கதவு ஒரே வாரத்தில் திறந்ததுபோல் இருந்தது அது.

சமூகம் கேட்பதைத்தான் கொடுக்கிறோம் என்ற வாதம் முற்றிலும் உடைந்துபோகும் இடம் ஒன்றுண்டு. 2022 ஜூனில் ஷாட் என்ற வாசனைத் தெளிப்பானுக்கு ஒரு விளம்பரம் வந்தது. கடையில் தனியாக நிற்கும் ஒரு பெண்ணின் பின்னால் நான்கு ஆண்கள் வந்து, நாம் நால்வர், இருப்பது ஒன்று, யார் எடுப்பது என்று பேசிக்கொள்கிறார்கள். அவள் நடுங்கித் திரும்புகிறாள். அவர்கள் பேசியது அலமாரியில் இருந்த கடைசிப் புட்டியைப் பற்றியாம்! ஒரு பெண்ணின் உயிர்ப்பயம் அங்கே நகைச்சுவைக்கு மூலப்பொருள் ஆகிவிட்டது. பார்த்த மக்கள் கொதித்தார்கள். அமைச்சகம் அதை இணையத்திலிருந்து நீக்கச் சொன்னது. தர நிர்ணயக் குழு நிறுத்தி வைத்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அந்த மன்னிப்பிலும், தேவையான ஒப்புதல்களைப் பெற்ற பிறகே வெளியிட்டோம் என்றார்கள். நடுவர் அவர்களே, அந்த ஒரு வரிதான் என் சாட்சி. ஒரு விளம்பரம் வாய்தவறி வந்த சொல் போன்றதன்று. ஏஜென்சியில் ஒருவர் எழுதுகிறார், மேலதிகாரி திருத்துகிறார், கிளையண்ட் படித்துச் சம்மதிக்கிறார், இயக்குநர் நடிகர்களைத் தேர்ந்தெடுக்கிறார், படப்பிடிப்பு, படத்தொகுப்பு, பின்னணி இசை முடிந்து, சேனலும் சரி என்ற பிறகே அது நம் வீட்டுக்குள் நுழைகிறது. அத்தனை மேசைகளைத் தாண்டும்போதும் அந்த நடுக்கம் ஒருவர் கண்ணிலும் படவில்லை. கடைத்தெருவில் நின்ற சமூகத்துக்குப் பார்த்தவுடன் பட்டது.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். பெண்களை இழிவாகச் சித்திரிப்பதைத் தடுக்க 1986லேயே சட்டம் வந்துவிட்டது. முதல் முறை குற்றம் உறுதியானால் இரண்டு ஆண்டுவரை சிறையும் 2,000 ரூபாய்வரை அபராதமும் விதிக்கலாம் என்கிறது. அந்த 2,000 ரூபாய் ஒரு படப்பிடிப்பில் டீ, வடைச் செலவுக்குக்கூடக் காணாது.

பிடிக்கவில்லை என்றால் ரிமோட் நம் கையில்தானே இருக்கிறது என்று தலைவி அம்மையார் தம் உரையை முடித்தார். அண்ணா சாலைச் சிக்னலில் நிற்கும்போது எதிரே தெரியும் பலகைக்கு ரிமோட் எங்கே விற்கிறது என்று அவர் சொன்னால் நானும் ஒன்று வாங்கிக்கொள்வேன். எதிரணியில் அடுத்துப் பேச வருபவரிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. 2003இல் திரையிலிருந்து இறங்கிய அந்த விமானப் பணிப்பெண் விளம்பரத்தைத் திரும்பப் போடுங்கள் என்று கேட்டு இந்தச் சமூகத்திலிருந்து எத்தனை பேர் கடிதம் எழுதினார்கள்? அந்தக் கணக்கை முதலில் சொல்லிவிட்டு அவர் தம் வாதத்தைத் தொடங்கட்டும். வாய்ப்பளித்த நடுவர் அவர்களுக்கு நன்றி கூறி அமர்கிறேன்.