தன் டி.என்.ஏ.வைத் தானே வெட்டும் செல்

(வேலூரில் நடந்த மாலை நேர அறிவியல் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, இந்தப் புழுக்கத்திலும் வந்து உட்கார்ந்திருக்கும் வேலூர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, முன் வரிசையில் நோட்டும் கையுமாக இருக்கும் கல்லூரிப் பிள்ளைகளே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர், கிருமிகளைப் பிடிக்க நம் உடம்பு கோடிக்கணக்கான வகை எதிர்ப்பொருள்களை, அதாவது ஆன்டிபாடிகளை, செய்யும் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நியாயமான கைதட்டல்தான். புரதம் செய்யும் மரபணுக்கள் மனிதனுக்கு மொத்தமே ஏறக்குறைய 20,000. அதை வைத்துக்கொண்டு கோடி வகை எப்படி? 1976-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சுசுமு டோனேகாவா விடை கண்டார். எலிக் கருவின் டி.என்.ஏ.வில் தள்ளித் தள்ளிக் கிடந்த துண்டுகள், எதிர்ப்பொருள் சுரக்கும் செல்லில் பக்கத்தில் பக்கத்தில் வந்து சேர்ந்திருந்தன. நடுவில் இருந்ததைச் செல்லே வெட்டி எறிந்திருக்கிறது! எந்தத் துண்டு எதோடு சேரும் என்பது செல்லுக்குச் செல் மாறும்; கோடி வகை வருவது அப்படித்தான். 1987-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எனக்கு வியப்பு வேறு இடத்தில். டி.என்.ஏ. அறுந்தால் செல் சாகலாம், புற்றாகலாம். அப்படிப்பட்ட காரியத்தை எலும்பு மஜ்ஜைக்குள் ஒரு இளம் பி செல், பின்னாளில் எதிர்ப்பொருள் சுரக்கப்போகும் வெள்ளை அணு, வேண்டுமென்றே செய்கிறது. செய்துவிட்டு உரிய நேரத்தில் நிறுத்தவும் செய்கிறது. இன்று அந்த நிறுத்தத்தைப் பற்றித்தான் பேச வந்தேன்.

வெட்டும் நொதிக்கு இரண்டு பாகம்: ராக்-1, ராக்-2. 1989, 1990-ல் அமெரிக்காவில் டேவிட் பால்டிமோரின் ஆய்வகத்தில் ஷாட்ஸ், ஓட்டிங்கர் இருவரும் இவற்றைக் கண்டெடுத்தார்கள். கண்ட இடத்தில் இது வெட்டாது. ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் டி.என்.ஏ.வின் 7 எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு 9 எழுத்து என்று ஓர் அடையாளம் இருக்கும். இடைவெளி 12 எழுத்தாகவோ 23 எழுத்தாகவோதான் இருக்கும். 12-ம் 23-ம்தான் ஜோடி சேரும். எதிர்ப்பொருளில் கனச் சங்கிலி, இலகுச் சங்கிலி என்று இரண்டு வகைப் புரதச் சங்கிலிகள் உண்டு. கனச் சங்கிலிக்கு வி, டி, ஜே என்று மூன்று வகைத் துண்டுகள். வி-க்கு 23, ஜே-க்கும் 23, நடுவில் இருக்கும் டி-க்கு இரு பக்கமும் 12. ஆகவே டி-யை விட்டுவிட்டு வி நேராக ஜே-யோடு ஒட்டவே முடியாது. பாருங்கள், காவலுக்கு ஆள் வைக்காமல் கணக்கிலேயே முடித்துவிட்டது இயற்கை.

வரிசையும் உண்டு. முதலில் டி-யும் ஜே-யும். கனச் சங்கிலித் துண்டுகள் இருப்பது 14-ஆம் குரோமோசோமில்; தாய் வழி ஒன்று, தகப்பன் வழி ஒன்று என்று இருக்கும் இரண்டிலும் இது நடக்கும். அப்புறம்தான் வி. வி துண்டுகள் பத்து லட்சம் எழுத்து நீளத்துக்குப் பரவிக் கிடப்பவை. அவ்வளவு தூரத்தில் இருப்பதை அருகே கொண்டுவர, கோஹீசின் என்ற புரத வளையம் டி.என்.ஏ. இழையை மடிப்பு மடிப்பாக இழுத்துக் கொடுக்கிறது. எலிகளில் பார்த்தபோது, பாக்ஸ்-5 என்ற புரதம், அந்த வளையத்தைக் கழற்றிவிடும் வேறொரு புரதத்தைக் குறைத்து, மடிப்பு நீள வழி செய்வது தெரிந்தது.

ஒட்டும் இடத்தில் சில எழுத்துகள் போகும், சில புதிதாக நுழையும். புரதம் கட்டும்போது மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்பது கணக்கு; அது தப்பினால் பின்னால் வருவதெல்லாம் பிறழும். எனவே மூன்று முயற்சியில் ஏறக்குறைய இரண்டு வீண். வீணானால் மறு குரோமோசோமுக்கு ஒரு வாய்ப்பு. அதுவும் தவறினால் செல் செத்துப்போகும். அதில் இரக்கம் கிடையாது.

சரியாக அமைந்துவிட்டால்? புதிய கனச் சங்கிலி ஒரு தற்காலிகத் துணைச் சங்கிலியோடு செல்லின் மேற்பரப்புக்கு வந்து உள்ளே தகவல் அனுப்பும். ராக் அடங்கும்; மறு குரோமோசோமின் வாசல் மூடப்படும். காட்பாடி ஜங்ஷனில் ஒரு தடத்துக்கு வழி கொடுத்தால், அதை வெட்டும் தடங்களுக்கெல்லாம் சிக்னல் சிவப்பிலேயே பூட்டிக்கொள்ளுமே, அதே ஏற்பாடு. ஒரு செல்லுக்கு ஒரே வகை எதிர்ப்பொருள் என்பது இப்படித்தான் காக்கப்படுகிறது. பிறகு செல் சில முறை பெருகி ஓய்ந்ததும் ராக் மறுபடி எழும். இந்த முறை இலகுச் சங்கிலிக்கு. அதில் இரண்டு வகை: முதலில் கப்பா, அது கைகொடுக்காவிட்டால் லாம்டா.

பெருகும்போது வெட்டு விழுந்தால் ஆபத்து. அதனால் டி.என்.ஏ. இரட்டிக்கத் தொடங்கும் தறுவாயில் ராக்-2 புரதமே சிதைக்கப்படுகிறது. எனக்கு மிகவும் பிடித்த பூட்டு இதுதான்.

பூட்டு பிசகினால் என்ன? ராக் வெட்டிய இடத்தில் 14-ஆம் குரோமோசோம் தவறி 18-ஆம் குரோமோசோமோடு ஒட்டி, சாக வேண்டிய செல்லைச் சாகவிடாத பி.சி.எல்-2 மரபணுவை முடுக்கிவிடலாம். ஃபாலிக்குலர் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றில் பெரும்பாலும் இந்த மாற்றமே காணப்படுகிறது. நான் சொன்ன அந்தத் தகவல் உள்ளே போய்ச் சேராவிட்டால் வேறு நோய். அதைக் கடத்த உதவும் பி.டி.கே. மரபணு பழுதான ஆண் குழந்தைகளுக்குப் பி செல்களே ஏறக்குறைய இராது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் சில மாதங்களில் தீர்ந்ததும் காதில் சீழ், நிமோனியா என்று மாறி மாறி வரும். 1952-ல் புரூட்டன் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்த நோய் இது. எதிர்ப்பொருளை ஊசியாகத் தொடர்ந்து கொடுத்தால் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்கும் போகலாம்.

ராக் மரபணுவே முழுதாகப் பழுதானால் பி செல்லும் இல்லை, இன்னொரு வகைக் காவல் வெள்ளை அணுவான டி (T) செல்லும் இல்லை. மஜ்ஜை மாற்று செய்யாவிட்டால் குழந்தை பிழைப்பது அரிது. இந்தப் பழுது தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய். நம் பக்கம் அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. குறை சொல்லவில்லை, என் குடும்பத்திலும் உண்டு. ஆனால் ஒரே பழுது இரு பக்கமும் இருக்கும் வாய்ப்பு அங்கே கூடுகிறது.

டி செல்லிலும் இதே வெட்டல்தான். வெட்டி எறிந்த துண்டு வட்டமாகச் சுருண்டு செல்லுக்குள் கொஞ்ச காலம் கிடக்கும். பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தில் அந்த வட்டங்களை எண்ணிப் பார்த்து, அவை மிகக் குறைவாக இருப்பதை வைத்தே நோயைக் கண்டுபிடிக்கலாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 2008-ல் இதை எல்லாக் குழந்தைகளுக்கும் தொடங்கியது.

அந்தப் பரிசோதனை இல்லாத இடத்திலும் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிறந்தவுடன் போடும் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியில் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள கிருமி. டி செல் இல்லாத குழந்தைக்கு அது ஆபத்து. மற்றக் குழந்தைகளுக்கு அது நல்லது, தள்ளிப்போடவே கூடாது. ஆனால் உங்கள் வீட்டிலோ நெருங்கிய உறவிலோ கைக்குழந்தை தொற்றுநோயில் இறந்திருந்தால், அடுத்த பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தடுப்பூசி போடுவதற்கு முன் ரத்தம் பார்க்க வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார்.