மனிதன் கட்டாத அணு உலை

[காட்சி: கரும்பலகையில் இரண்டு எண்கள் – 0.7202, 0.7171]

வணக்கம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். மயிரிழைதான். ஆனால் 1972-ல் பிரான்சின் பியர்லாட் யுரேனிய ஆலையில் இருந்தவர்களை இது தூங்க விடவில்லை.

யுரேனியத்தில் 235, 238 என்று முக்கியமாக இரண்டு வகை. எந்தச் சுரங்கத்தில் தோண்டினாலும் அதில் 235-இன் பங்கு 0.72 சதவீதம்தான். நிலாவிலிருந்து வந்த கல்லிலும் அதே கணக்கு. அன்று 0.7202 இருக்க வேண்டிய இடத்தில் 0.7171 சதவீதம்தான் இருந்தது. அணுகுண்டுக்கும் ஆகிற சரக்கு இது. துளி குறைந்தாலும் கணக்குச் சொல்லியாக வேண்டும். தேடிக்கொண்டே போனதில், தாது வந்த இடம் ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில் உள்ள ஓக்லோ சுரங்கம் என்று தெரிந்தது.

சரி, 235 எங்கே போனது?

[காட்சி: யுரேனிய அணுக்கரு, அருகில்]

இந்த அணுக்கருவுக்குள் 92 புரோட்டான்கள். எல்லாமே நேர்மின் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். அணுக்கரு விசை அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. ஆனால் அதன் கை குட்டை. பக்கத்தில் இருப்பதைத்தான் பிடிக்கும். இவ்வளவு பெரிய கருவில் பிடி போதாமல், எப்போதாவது ஒரு ஆல்ஃபா துகள், அதாவது இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் சேர்ந்த சின்னக் கட்டு, வெளியே தெறிக்கிறது. இதுதான் கதிரியக்கம்.

எந்த அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. கூட்டமாக எடுத்தால் கணக்கு பிசகாது. 235-இல் பாதி சிதைய சுமார் 70 கோடி ஆண்டு. 238-க்கு சுமார் 447 கோடி. இதுதான் அரை ஆயுள். 235 வேகமாகக் கரைகிறது என்றால், பின்னோக்கிப் போகப் போக அதன் பங்கு கூட வேண்டும் அல்லவா? கிட்டத்தட்ட 200 கோடி ஆண்டுகளுக்கு முன் அது 3 சதவீதத்துக்கும் மேல்.

[காட்சி: கேரம் பலகை]

அடுத்தது அணுக்கருப் பிளவு. ஒரு நியூட்ரான் 235-இல் புகுந்தால் அது இரண்டாக உடைந்து, வெப்பத்தோடு இரண்டு மூன்று நியூட்ரான்களையும் விடும். அவை மற்ற அணுக்களை உடைத்தால் தொடர்வினை. ஆனால் பிறக்கும்போது அவற்றுக்கு வேகம் அதிகம். வேகம் குறைந்தால்தான் 235 எளிதில் பிடிக்கும். கேரம் காய் ஒன்று அதே எடையுள்ள காயில் நேராக மோதினால், மோதிய காய் நின்றுவிடும், மற்றது ஓடும். தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் கருவுக்கும் நியூட்ரானுக்கும் ஏறக்குறைய ஒரே எடை. அதனால் தண்ணீரே தணிப்பான்.

235 அதிகமாக இருந்த அந்தப் பழங்காலத்தில், ஓக்லோவின் மணற்பாறையில் நிலத்தடி நீர் ஊறியது. பிளவு தொடங்கியது. சூடேறித் தண்ணீர் ஆவியானதும் நியூட்ரானைத் தணிக்க ஆளில்லை, வினை நின்றது. பாறை ஆறியது, நீர் திரும்ப ஊறியது, மறுபடியும் பற்றிக்கொண்டது. ஏறக்குறைய அரை மணி நேரம் ஓட்டம், இரண்டரை மணி நேரம் ஓய்வு. இப்படியே லட்சக்கணக்கான ஆண்டுகள்! காணாமல் போன 235 இந்தப் பிளவில்தான் தீர்ந்துபோனது. இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும்? அங்குள்ள அலுமினியம் பாஸ்பேட் துகள்களுக்குள் பிளவில் பிறந்த செனான் வாயு இன்னும் சிறைப்பட்டிருக்கிறது. அதன் வகைகளின் விகிதத்தை அளந்துதான் சொன்னார்கள். எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு பாறை தன் நாடித்துடிப்பையே பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது.

இன்று இது நடக்காது. 0.72 சதவீதமும் சாதாரண நீரும் சேர்ந்தால் உலை ஓடாது. நீரே நியூட்ரான்களில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். அதனால்தான் இயற்கை யுரேனியம் போடும் கல்பாக்கம் மின் உலைகளுக்குக் கனநீர் வேண்டும். எடை கூடிய ஹைட்ரஜன் கொண்ட இந்த நீர் நியூட்ரான்களை அதிகம் விழுங்காது. கூடங்குளத்தில் சாதாரண நீர். அங்கே செறிவூட்டிய, அதாவது 235-இன் பங்கைக் கூட்டிய, யுரேனியம் வேண்டும். அந்தக் கணக்கில் ஓக்லோ, கூடங்குளத்துக்குத்தான் உறவு. ஓக்லோவில் செறிவூட்டும் வேலையை யாரும் செய்யவில்லை, காலம் அப்படி இருந்தது.

[காட்சி: ஓக்லோ பாறை, மெதுவாக நெருங்கி]

இன்னொன்று. இயற்கையிலேயே இப்படி ஓர் உலை ஓடியிருக்க முடியும் என்று பால் குரோடா என்ற வேதியியலாளர் 1956-லேயே கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். அந்தப் பாறை கைக்குக் கிடைக்கத்தான் இன்னும் 16 ஆண்டு ஆயிற்று.