யார் மாலையோடு வருகிறார்கள்?

சபைத் தலைவர் அவர்களே, வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வந்திருக்கும் பெரியோரே, பிள்ளைகளே, வணக்கம்.

கொழும்பில் நிற்கும் தலைவர்களின் சிலைகளைப் பற்றி, அவற்றுக்கு இன்று யார் மாலையோடு வருகிறார்கள், யார் வேறு நினைவோடு வருகிறார்கள் என்று பேச வந்திருக்கிறேன். வெள்ளைக்காரர் வைத்த சிலைகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். கோட்டையில் ஜனாதிபதி மாளிகை வாசலில் கண்டி வீதியைப் போடுவித்த ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் நிற்கிறார். கொழும்பிலிருந்து ஊர்களுக்குள்ள தூரத்தை அவர் காலடியிலிருந்துதான் அளந்தார்கள். 1877இல் திறந்த நூதனசாலையின் முன்னால் ஆளுநர் கிரெகரி. கோர்டன் பூங்காவில் இருந்த விக்டோரியா மகாராணியைப் பெயர்த்து நூதனசாலை வளவுக்குக் கொண்டுபோனார்கள். ஊரில் ஒரு சலசலப்பும் இல்லை. அவர்கள் மேல் கோபப்படக்கூட இப்போது ஆள் கிடையாது.

காலிமுகத்திடல் அப்படியல்ல. அங்கே பழைய பாராளுமன்றக் கட்டடம் 1930 ஜனவரியில் திறக்கப்பட்டது. அந்த ஆண்டே அதன் வளவில் சேர் பொன்னம்பலம் அருணாசலத்துக்குச் சிலை வைத்தார்கள். இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவர் அவர். மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் என்று கொடுத்த வாக்கு பறந்துபோனதும், தான் கட்டிய காங்கிரஸை விட்டு வெளியே வந்தவரும் அவர்தான். ஆனாலும் நாட்டுக்கே பொதுவான தலைவராகத்தான் அவரை அங்கே நிறுத்தினார்கள். இன்றைக்கு நாங்களே அவரை ‘தமிழ்த் தலைவர்’ வரிசையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கிறோம்.

அதே வளவில் அவருடைய அண்ணன் இராமநாதன். இவரிடம் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1911இல் படித்த இலங்கையருக்கென்று ஒதுக்கிய ஒரேயொரு ஆசனத்தில், மார்க்கஸ் பெர்னாண்டோவைத் தோற்கடித்துச் சட்டசபைக்குப் போனவர். சிங்கள வாக்காளரும் சேர்ந்து தந்த வெற்றி அது. 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு, இராணுவச் சட்டத்தில் அகப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காக, உலகப் போர் நடக்கும்போதே கப்பலேறி இலண்டனுக்குப் போய் வாதாடினார். திரும்பி வந்தபோது குதிரைகளை அவிழ்த்துவிட்டு, சிங்களப் பிரமுகர்களே அவருடைய வண்டியை இழுத்தார்கள். அன்று சிறையில் இருந்தவர்களில் ஒருவர், பின்னாளில் முதல் பிரதமரான டி.எஸ். சேனாநாயக்க. 1948இல் மலையக மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டம் அவருடைய ஆட்சியில்தான் வந்தது. அவருக்குச் சுதந்திரச் சதுக்கத்தில் சிலை.

ஆனால் 1915இல் கடையும் வீடும் எரிந்தது முஸ்லிம்களுக்கு. அவர்களுடைய பேரப்பிள்ளை இராமநாதன் சிலையைப் பார்த்து வண்டி இழுத்த கதையையா நினைப்பார்? இலங்கையின் அரசியலமைப்பை ஆராய இலண்டனிலிருந்து டொனமூர் ஆணைக்குழு வந்தபோது எல்லோருக்கும் வாக்குரிமை கூடாது என்று சொன்னவரும் இவரே. சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவரும் பெண்களும் அந்த ‘எல்லோருக்கும்’ என்பதற்குள்தான் இருந்தார்கள். இவ்வளவுக்கும், மருதனார்மடத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கல்லூரி கட்டியவர்! நாங்கள் அவர் கருங்கல்லில் கட்டுவித்த கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, மிச்சத்தைப் பேசாமல் விட்டுவிடுகிறோம். எனக்கு அது பிடிக்கவில்லை.

அதே திடலில் இன்னும் கொஞ்சத் தூரம் போனால் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க. சோவியத் யூனியன் அன்பளிப்பாகத் தந்த பெரிய சிலை. 1956 ஜூன் 5ஆம் திகதி, சிங்களத்தையே ஒரே அரச மொழியாக்கிய ‘சிங்களம் மட்டும்’ சட்டத்தை எதிர்த்துத் தமிழரசுக் கட்சியின் செல்வநாயகம் தலைமையில் சத்தியாக்கிரகிகள் உட்கார்ந்ததும், காடையரிடம் அடி வாங்கியதும் இந்தக் காலிமுகத்திடலில். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த பிரதமருக்கு அங்கேயே சிலை! அறுபத்தாறு வருஷம் கழித்து, ஜனாதிபதி கோட்டாபயவைப் பதவி விலகக் கேட்ட 2022 போராட்டத்தில் அந்தச் சிலையின் கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டினார்கள். ஜூலையில், சிலையைச் சுற்றி 50 மீற்றருக்குள் ஆட்கள் வரக்கூடாது என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. அதற்கு முன், மே 18ஆம் திகதி, அதே போராட்டக் களத்தில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தலும் நடந்தது. சிலையை வைத்தவர்கள் இதில் எதையாவது எதிர்பார்த்திருப்பார்களா?

சிலைகளை இடிக்க வேண்டும் என்று சில இளைஞர்கள் என்னிடம் வாதாடுகிறார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. இடித்தால் அந்த இடத்தில் அடுத்த கட்சி தன்னுடைய ஆளை வைக்கும். பீடத்தில் எழுதுவதை மாற்றுவோம். பிறந்தார், இறந்தார், பெருந்தலைவர் என்பது போதாது. இராமநாதன் பீடத்தில் 1911, 1915, டொனமூர் சாட்சியம் மூன்றும் மும்மொழியிலும் வரட்டும். பண்டாரநாயக்க பீடத்தில் 1956 ஜூன் 5 வரட்டும். முதலாவதைக் கேட்க வேண்டியவர்கள் தமிழர்கள்தான். அதைக் கேட்காமல் இரண்டாவதை மட்டும் கேட்டுப் போனால், எங்களை யாரும் ஒரு பொருட்டாக எடுக்கப் போவதில்லை.

நன்றி, வணக்கம்.